உள்ளூர்க் கடல்மீன் தொட்டி

உள்ளூர்க் கடல்மீன் தொட்டி என்பது, ஒரு பகுதியின் அண்மைக் கடலில் இயற்கையாக வாழும் மீன்களையும் முதுகெலும்பிலிகளையும் கடல்நீரில் வைத்து வீட்டில் வளர்க்கப் பயன்படும் கண்ணாடித் தொட்டியாகும். ஐரோப்பிய நூல்களில் இது பெரும்பாலும் "குளிர்நீர்க் கடல் தொட்டி" என்றே குறிப்பிடப்படுகிறது. அங்குள்ள கரையோர உயிரினங்கள் குளிர்ந்த நீரில் வாழ்வனவாதலே இதற்குக் காரணம். தமிழ்நாட்டின் கரையோரக் கடலில் அத்தகைய குளிர்நீர் இனங்கள் இல்லை. ஆயினும் விருதுநகர், சிவகாசி போன்ற உள்நாட்டு ஊர்களில் மன்னார் வளைகுடா மீன்களை வளர்ப்பதற்கும் நீரைக் குளிர்வித்தல் இன்றியமையாததாகிறது.

வரலாறு

கடல் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பரவியது. இலண்டன் விலங்கியல் பூங்காவின் மீன் இல்லம் 1853இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் இத்துறை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அவர் வளர்த்தவை தம் நாட்டுக் கரையோரப் பாறைக்குட்டைகளில் சேகரித்த உயிரினங்களே. சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. கடலோரத்தில் இருந்ததால் அதற்கு நீர் கிடைப்பது எளிதாயிருந்தது. உள்நாட்டு வீடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விருதுநகர் மாவட்டச் சூழல்

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. 1985இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது என்பதும், அதுவரை சிவகாசியும் இராமேசுவரமும் ஒரே மாவட்டத்து ஊர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கன. விருதுநகரிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது.

மழை குறைந்த வறண்ட தட்பவெப்பமே சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் வேரூன்ற உதவியதாகக் கூறப்படுகிறது. கடல்மீன் தொட்டிக்கு அதே தட்பவெப்பம் பெரும் சோதனையாகும். கோடையில் பகல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது இங்கு வழக்கம். கான்கிரீட் கூரையின் கீழுள்ள மேல்மாடி அறையில் தொட்டி நீரும் விரைவில் சூடேறும்.

வெப்பமும் குளிர்வித்தலும்

வெப்பமண்டலக் கடல் மீன் வெப்பத்தைத் தாங்கும் என்பது பரவலான தவறான கருத்து. மன்னார் வளைகுடா நீரின் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதி ஏறத்தாழ 26 முதல் 31 பாகைக்குள் அமைகிறது. அதற்கு மேல் சில பாகைகள் கூடினாலே கடலுக்குள்ளும் பாதிப்பு நேர்கிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியபோது இவ்வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளிறின.

மீன்களைக் கொல்வது பெரும்பாலும் வெப்பத்தைவிட அதனால் ஏற்படும் உயிர்வளிக் குறைவாகும். 30 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மி.கி. உயிர்வளி கரையும்; கடல்நீரில் 6.2 மி.கி. அளவே கரையும். வெப்பம் கூடக்கூட இவ்வளவு குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. நன்னீர்த் தங்கமீனை வளர்த்துப் பழகியவர்கள் கடல்மீனில் தோல்வியடைய இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

இங்கு வறட்சி ஒரு வகையில் துணை செய்கிறது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. 100 லிட்டர் நீரை ஒரு பாகை குளிர்விக்க ஏறத்தாழ 400 கிலோஜூல் வெப்பத்தை நீக்கினால் போதும். எனவே மேல் மூடியை அகற்றி, நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியால் காற்று வீசச்செய்தால் நீர் சில பாகைகள் குளிரும். ஈரக்காற்று நிறைந்த தூத்துக்குடியைவிட வறண்ட விருதுநகரில் இம்முறை கூடுதல் பயன் தரும். ஆழமான தொட்டியைவிட அகன்ற, ஆழம் குறைந்த தொட்டி இதற்கு ஏற்றது. உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளை மிதக்கவிடுதல் வெப்பநிலையை ஏற்றி இறக்குவதால் நெருக்கடி நேரத்துக்கு மட்டுமே உரியது. குளிர்விப்பான் இயந்திரம் திறன் மிக்கது எனினும் விலையும் மின்செலவும் அதிகம்.

மின்தடையின்போது விசிறியும் காற்றுக்குழாயும் ஒருங்கே நின்றுவிடும். 2012ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்தடை நிலவியது. மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாயொன்று இருப்பில் இருத்தல் நன்று.

உப்பும் நீரும்

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் குறைந்து, ஒரு வாரம் நீர் சேர்க்கப்படாவிட்டால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 40 கிராமைத் தாண்டிவிடும். இக்குறையை நன்னீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். கடல்நீரைச் சேர்த்தல் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானதாக இருந்தால் அதன் உப்புகளும் படிப்படியாகச் சேரும். ஆகையால் கேன்களில் விற்கப்படும் ஆர்.ஓ. குடிநீர் விரும்பப்படுகிறது.

தூத்துக்குடி உப்பைக் குழாய் நீரில் கரைத்தால் கடல்நீர் கிடைக்காது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னரே படிந்துவிடுகிறது. மக்னீசிய உப்புகள் எஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. இடையில் படியும் சோடியம் குளோரைடே சமையல் உப்பாகிறது. ஆகவே தொட்டிக்கென விற்கப்படும் கலவை உப்பையோ, துறைமுகத்திற்கும் ஆற்று முகத்துவாரத்திற்கும் அப்பால் எடுத்து வடிகட்டிய கடல்நீரையோ பயன்படுத்த வேண்டும்.

புதுத் தொட்டியில் மீனை உடனே விடலாகாது. மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வளர 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடல்நீரின் காரத்தன்மையும் வெப்பமும் அம்மோனியாவின் நச்சைக் கூட்டுகின்றன.

பட்டாசு வட்டாரத்திற்குரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நீலநிற ஒளிக்காகப் பயன்படும் தாமிரச் சேர்மங்கள் இறால், நண்டு முதலிய முதுகெலும்பிலிகளுக்கு மிகச் சிறிய அளவிலும் நச்சாகும். வேலையிலிருந்து திரும்பியவர் நன்கு கழுவிய பின்னரே தொட்டிக்குள் கையை இடவேண்டும்.

வளர்க்கத்தக்க இனங்கள்

மன்னார் வளைகுடாவில் கடல் சாமந்தியுடன் வாழும் செபே கோமாளி மீன் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது. கடலில் அதற்குச் சாமந்தி புகலிடமாகும். பகை மீன்கள் இல்லாத தொட்டியில் சாமந்தியின்றியும் வாழும். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. பெரியது பின்னர் பெண்ணாக மாறும். மூன்று புள்ளி டாம்சல் உறுதியானது எனினும் வளர்ந்தபின் மற்ற மீன்களைத் துரத்தும். கரையோரத்திலும் கழிமுகங்களிலும் திரியும் கீச்சான் உப்பளவு மாற்றத்தைத் தாங்கவல்லது; ஆனால் பிற மீன்களின் செதில்களைக் கடித்துத் தின்னும். வண்ணத்துப்பூச்சி மீன்களின் அழகில் மயங்கி வாங்குவோர் பலர். அவற்றுள் பல பவள உயிரிகளையே உண்பதால் தொட்டியில் பட்டினியால் இறக்கின்றன.

சட்டமும் மீன் வரும் வழியும்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள நீர்ப்பரப்பும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இங்கு உயிரினங்களைப் பிடித்தல் குற்றமாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் 2001இல் கடற்குதிரைகள், கடல் அட்டைகள், பாறைப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியன சேர்க்கப்பட்டன. மேலைநாட்டுக் கையேடுகள் தொட்டியில் "உயிர்ப்பாறை" இடுமாறு கூறுகின்றன. அது பெரும்பாலும் பவளப்பாறைத் துண்டாதலால் இந்தியாவில் அவ்வறிவுரையைப் பின்பற்ற இயலாது. பாக்டீரியா தங்குவதற்குப் பீங்கான் வளையங்களே போதுமானவை.

மன்னார் வளைகுடாவின் மறுகரையான இலங்கையில் அலங்கார மீன்களைப் பிடிக்கப் பயன்பட்ட "மொக்சி வலை", பவளப்பாறைகளை உடைப்பதால் அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. இச்சேதத்தைத் தவிர்க்கும் வழி பொரிப்பகத்தில் வளர்த்த மீன்களை வாங்குவதாகும். 1947இல் தொடங்கப்பட்டு, தலைமையகம் பின்னர் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாற்றப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களையும் டாம்சல் இனங்கள் சிலவற்றையும் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளது. கோமாளி மீனின் முட்டைகள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் இருளில் பொரிகின்றன. இளவுயிரிகளுக்கு முதலில் ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரியும், பின்னர் ஆர்ட்டீமியாவும் உணவாகத் தரப்படுகின்றன. பொரிப்பக மீன்கள் தொடக்கம் முதலே தொட்டிச் சூழலிலும் தரப்படும் உணவிலும் பழகியவை என்பதால், கடலில் பிடித்தவற்றைவிட எளிதாக இரையெடுக்கின்றன.