கிராதியும் ரேகையும்

நிலப்படங்களைக் கணினியில் தொகுத்து வரையும் இளைஞர்கள், படத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை விரிக்கும் காரியத்தைக் ‘கிரிட் போடுதல்’ என்று வெகு சாதாரணமாகச் சொல்லுகிறார்கள். விஞ்ஞானக் கூடத்தில் உதித்ததுபோல் ஒலிக்கும் அச்சொல் உண்மையில் அடுக்களையைச் சேர்ந்தது.

லத்தீன் மொழியில் ‘கிராட்டிஸ்’ என்பது பிரம்பாலோ மிலாறாலோ முடைந்த தட்டிக்குப் பெயர். அதன் சிறுமைப் பெயராகிய ‘கிராட்டிகுலா’, தணலின்மேல் வைத்து மீனும் இறைச்சியும் வாட்டுவதற்கான சிறு கம்பித்தட்டைக் குறித்தது. அதுவே பிரெஞ்சு தேசத்தின் வழியாக ஆங்கிலேயரிடம் சென்று, ஒருபுறம் ‘கிரிடில்’ என்றும் மறுபுறம் ‘கிரில்’ என்றும் உருமாறி, பின்னும் ஒருபுறம், தட்டு இரும்பாலானது ஆகையால் பெயரின் ஈற்றிலும் இரும்பு இருக்கத்தான் வேண்டும் என்று பாமரர் தாமே கற்பித்துக்கொண்டபடியால் ‘கிரிடயர்ன்’ என்று நீண்டு, கடைசியில் 19ஆம் நூற்றாண்டில் வால் அறுபட்டுக் ‘கிரிட்’ என்று நின்றது. படக்கலைஞர் வழங்கும் ‘கிராட்டிக்யூல்’ என்ற மற்றொரு சொல்லும் இதே வயிற்றுப் பிள்ளைதான். அது பண்டிதர் வீட்டில் வளர்ந்தமையால் லத்தீன் முகத்தை அதிகம் இழக்கவில்லை.

இவ்வளவும் ஐரோப்பியர் கதை என்று தமிழர் ஒதுங்கிவிடுவதற்கில்லை. ‘கிராட்டிஸ்’ என்னும் அதே வேரிலிருந்து போர்ச்சுகீசியருக்குக் ‘கிராதெ’ என்ற சொல் கிடைத்தது. அவர்களுடைய கப்பல்களில் ஏறி, ஜன்னல் என்ற சொல்லோடு சேர்ந்தே நம் கரையில் இறங்கி, மரக்கிராதி, கம்பிக்கிராதி என்று அது நம் திண்ணைகளில் நிலைத்துவிட்டது. ‘கிரிட்’டுக்குத் தமிழ் தேடுவோர் வலைப்பின்னல் என்றும் கட்டம் என்றும் ஆலோசித்துக்கொண்டிருக்கையில், அதன் உடன்பிறப்பு வீட்டு வாசலிலேயே நிற்பதை ஏனோ ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பொருளின் சரித்திரம் சொல்லின் சரித்திரத்தைவிடப் பழமையானது; அது இரண்டு குலமாகப் பிரிந்தும் கிடக்கிறது. ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் குலம். ஊர்களின் நிலையை வான சாஸ்திரத்தின் துணைகொண்டு பாகைகளால் குறிப்பது அவர் முறை. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்து அக்காலத்தவர் அறிந்திருந்த உலகம் கிழக்கு மேற்காக நீண்டும் வடக்கு தெற்காகக் குறுகியும் இருந்தமையால், முன்னதை நீளம் என்றும் பின்னதை அகலம் என்றும் அழைத்தனர். ஈழத்துப் பாடநூல்கள் நெட்டாங்கு, அகலாங்கு என்று கூறுவது இந்தக் கருத்தையே. மற்றொன்று சீனர் குலம். 1136ஆம் ஆண்டில் கல்லில் செதுக்கப்பெற்று இன்றும் சியான் நகரத்தில் இருக்கும் ‘யூ ஜி டூ’ என்னும் தேசப்படத்தின்மேல் நெடுகிலும் சதுரங்கள் உள்ளன. சதுரத்தின் பக்கம் ஒவ்வொன்றும் 100 லீ தூரம். வானத்தையோ பாகையையோ அக்கோடுகள் அறியா. தூரம் ஒன்றே அவை அறிந்தது.

நம்முடைய வான சாஸ்திரச் சித்தாந்திகள் முதற்குலத்தார். அவர்கள் வடக்கு தெற்கு நிலையை அட்சம் என்றனர். அட்சமாவது அச்சு, வண்டியின் அச்சுக்கும் இதற்கும் மூலம் ஒன்றே. ஓர் ஊரில் நின்று நோக்குங்கால் பூமியின் அச்சு நீண்டு வானத்தைத் தொடும் துருவம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்திருக்கிறதோ, அத்தனை பாகையே அவ்வூரின் அட்சம். அகலம் என்பதைவிட இப்பெயர் எவ்வளவோ அறிவுடையது என்பது என் அபிப்பிராயம். கிழக்கு மேற்கு நிலையைத் தேசாந்தரம் என்றனர். லங்கை என்று அவர்கள் கற்பித்த புள்ளியிலிருந்து உஜ்ஜயினி வழியாக வடக்கே செல்லும் ரேகையே அதற்கு ஆதாரம். அந்த லங்கை பூமத்திய ரேகையின்மேல் இருப்பது, இன்றைய இலங்கையோ அதற்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகையில்தான் ஆரம்பிக்கிறது. தேசாந்தரம் என்ற அருமையான சொல்லைப் பஞ்சாங்கத்துக்கும், வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தின் நீளத்தைப் பெயர்த்துத் தீர்க்கரேகை என்று நாம் சொல்லத் தொடங்கியது பிற்காலத்து வழக்கம்.

சதுரக் குலத்துக்குப் புத்துயிர் கொடுத்தது யுத்தம். பாகைக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வன ஆகையால், பீரங்கிக்குத் தூரமும் திசையும் விரைவாகக் கணிக்க வேண்டியவனுக்கு அவற்றால் பயன் குறைவு. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படையினர் தங்கள் படங்களை 6000 கஜச் சதுரங்களாக வகுத்து எழுத்திட்டது இக்காரணம் பற்றியே. பிற்பாடு அமெரிக்க ராணுவம் வகுத்த முறையில், உலகம் 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாயிற்று. எண்கள் ஒருபோதும் எதிர்மறை ஆகாதிருக்கும்பொருட்டு ஒவ்வொரு மண்டலத்தின் நடு ரேகைக்கும் பூஜ்யத்துக்குப் பதிலாக 5,00,000 மீட்டர் என்று கற்பனையாக விலையிட்டனர். 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின், இந்திய நில அளவைத் துறை பொதுமக்களுக்கென்று வெளியிடும் படங்களும் இம்முறையையே தழுவின.

கணினியிலோ இவ்விரு குலங்களும் ஒரே படத்தின்மேல் சந்திக்கின்றன. நிலப்பட மென்பொருள்களுள் ‘ஆர்க்ஜிஐஎஸ்’ பாகைக்கோடுகளைக் கிராட்டிக்யூல் என்றும் மீட்டர்ச் சதுரங்களைக் கிரிட் என்றும் பிரித்தே அழைக்கிறது. ‘கியூஜிஐஎஸ்’ இரண்டையும் கிரிட் என்று சொல்லி, எந்த ஆயமுறையில் வேண்டும் என்று நம்மையே கேட்கிறது. பாகை முறையைத் தேர்ந்துவிட்டு, மீட்டர் என்ற நினைவில் இடைவெளிக்கு 1000 என்று இட்டவன் கோடு ஒன்றும் தோன்றாமல் விழிக்க நேர்கிறது. தமிழில் பாகைக்கு ரேகை என்றும் சதுரத்துக்குக் கிராதி என்றும் வைத்துக்கொண்டால் இந்தத் தடுமாற்றம் பாதியாவது குறையும்.

மதுரைப் படத்தின்மேல் இரண்டையும் சேர்த்து விரித்தால், கிராதியின் செங்குத்துக்கோடு தீர்க்கரேகையிலிருந்து ஏறக்குறைய அரைப் பாகை சாய்ந்திருப்பதைக் காணலாம். கோயம்புத்தூரையும் சேர்த்து வரைவதாயின் சங்கடம் பெரிது. அவ்வூர் 43ஆம் மண்டலத்தில், மதுரை 44ஆம் மண்டலத்தில். நடுவே தமிழகத்தை ஊடறுத்துச் செல்லும் 78 பாகைத் தீர்க்கரேகை, 10 பாகை அட்சத்தின் அருகே, மேற்கு மண்டலத்தின் கணக்கில் சுமார் 829 கிலோமீட்டர் என்றும் கிழக்கு மண்டலத்தின் கணக்கில் சுமார் 171 கிலோமீட்டர் என்றும் படிக்கப்படுகிறது. ஒரே தாளில் இரண்டு எண்களும் வாரா. ஆதலால் படம் வரைவோன் ஒரு மண்டலத்தைத் தேர்ந்து, அதன் கிராதியையே அண்டை மண்டலத்துக்குள்ளும் நீட்டி வரைகிறான்.