பேறு பார்த்தவளுக்கு என்ன கொடுத்தோம்?

வடநாட்டில் குடியேறிய தமிழர்க்கு முதலில் வியப்பளிக்கும் சொற்களுள் ஒன்று 'தாயி' என்பது. நம் ஊர்ப்புறத்தில் அஃது ஒரு பெண்ணை அன்போடு விளிக்கும் சொல். இந்தி வழங்கும் நாட்டிலோ, வீட்டிற்கு வந்து பேறு பார்க்கும் மருத்துவச்சிக்கு அதுவே பெயர். தமிழ் எழுத்தில் எழுதும்பொழுது இரண்டும் ஒன்றாகத் தோன்றினும் பிறப்பால் வேறு வேறானவை. இந்திச் சொல்லை வடமொழியின் 'தாத்ரி' என்பதனோடு உறவுடையதாகக் கூறுவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்களிடத்தில் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. ஆயினும் இச்சொல்லின் பின்னே நிற்கும் பெண்ணின் வரலாறு, நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தோர் அறிந்துகொள்ளத்தக்கது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உத்தியோகம் பார்த்த தமிழர், முதற்பேற்றிற்கு மனைவியரை இரயிலேற்றி அனுப்பினர். இரண்டாவது, மூன்றாவது பேறுகளுக்கு அது எளிதாக இல்லை. மூத்த பிள்ளைகளின் படிப்பு, விடுமுறையின்மை, பயணச் செலவு ஆகியவை குறுக்கே நின்றன. அப்பொழுது எழுந்த கேள்வி, இந்த ஊரில் மருத்துவச்சியை எங்கே தேடுவது, அவளுக்கு என்ன கொடுப்பது என்பதே.

நம் பாட்டியார் கூறக் கேட்ட செய்தி ஒன்று. 1950-களின் நடுவில், தில்லியில் எழுத்தர்களுக்கான அரசாங்கக் குடியிருப்பில் அவருக்கு மூன்றாம் பேறு நெருங்கிற்று. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் ஒரு தாயியை அழைத்து வந்தார். இந்தி அறியாத பாட்டியார் விரல்களை மடக்கியும் நீட்டியும் பேசினாராம். ஆண் பிறந்தால் பத்து ரூபாயும் ஒரு சேலையும், பெண் பிறந்தால் ஐந்து ரூபாய் என்று பேரம் முடிந்தது. இரவு முழுவதும் விழித்திருந்து அவள் பேறு பார்த்தாள். பிறந்தது பெண். பேசியபடி ஐந்து ரூபாயைப் பாட்டனார் கொடுத்தார். அவளும் மறுசொல் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண் குழந்தையே நம் அன்னையார்.

இந்தப் பேரம் அந்த ஒரு வீட்டுக்கு உரியதன்று. வடநாட்டில் பிள்ளைப்பேற்றிற்குக் கொடுக்கும் வெகுமதிக்கு 'நேக்' என்று பெயர். தானியம், வெல்லம், சேலை, சிறிது பணம் ஆகியவை அதில் அடங்கும். ஆண் மகவுக்கு மிகுதியாகவும் பெண் மகவுக்குக் குறைவாகவும் கொடுத்தல் பரவிய வழக்கம். 'சோஹர்' எனப்படும் பிள்ளைப்பேற்றுப் பாடல்களில் தாயி தன் நேக்குக்காக வழக்காடுவது விரும்பிப் பாடப்படும் ஒரு பொருள். வேலை ஒன்று, இரவு ஒன்று, நோவும் ஒன்று. கூலி மட்டும் குழந்தையின் பாலைப் பொறுத்து மாறிற்று.

சிற்றூர்களில் தாயிக்கும் குடும்பங்களுக்கும் பரம்பரை உறவு இருந்தது. இன்ன வீடுகளுக்கு இன்ன தாயி என்பது தாய்வழியாகவோ மாமியார் வழியாகவோ வந்த உரிமை. அறுவடையில் ஒரு பங்கு தானியமும், பண்டிகை நாட்களில் உணவும் துணியும் அவளுக்குக் கிடைத்தன. நகரத்திற்கு வந்த நம்மவர்க்கு இந்த உறவு இல்லை. களமும் இல்லை, நெல்லும் இல்லை. ஆகவே எல்லாம் ரொக்கமாயிற்று. தெரிந்தவர் சொல்லித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்; பேசித்தான் கூலியை முடிக்க வேண்டும். பரம்பரை உறவு தந்த சிறு பாதுகாப்பும் அவளுக்கு இங்கு இல்லாமற் போயிற்று.

தாயியர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டிலும் நாவிதர் குலப் பெண்களே பல ஊர்களில் மருத்துவச்சியராக இருந்தனர். கொப்பூழ்க்கொடி அறுத்தலும், நஞ்சுக்கொடியைப் புதைத்தலும், தீட்டுத் துணி அலசுதலும் தீட்டுக்குரிய வேலைகள் என ஒதுக்கப்பட்டு அவர்கள் தலையில் சுமத்தப்பட்டன. உயிரைக் கையில் ஏந்தி எடுத்தவளே அவ்வீட்டின் சமையலறைக்குள் நுழையலாகாதவளாகவும் இருந்தாள். அவள் கூலி குறைவாயிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசாங்கத்தாரும் அறச்சிந்தையாளரும் இதில் தலையிட்ட வரலாறு நீண்டது. சென்னையில் 1844-ஆம் ஆண்டில் பிரசவ மருத்துவமனை தோன்றியது. அதுவே பிற்காலத்தில் எழும்பூர் மருத்துவமனையாக வளர்ந்தது. பஞ்சாபில் 1866-ஆம் ஆண்டில் அமிர்தசரசில் தாயியர்க்கென வகுப்பு தொடங்கப்பட்டது. பின்னர் ஹியூலெட் என்னும் ஆங்கில மாது அப்பணியைத் தொடர்ந்து நடத்தினார். 1885-ல் டஃபரின் சீமாட்டியார் பெயரால் எழுந்த நிதி, பெண்களுக்குப் பெண் மருத்துவரைக் கொண்டு உதவ முற்பட்டது. 1903-ல் கர்சன் சீமாட்டியாரின் முயற்சியால் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி, தாயியரைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஏற்பட்டது.

இம்முயற்சிகள் யாவும் கூலி என்னும் கல்லில் இடறின. வகுப்பிற்கு வரும் நாளில் தாயியின் பிழைப்புக் கெடும். ஆகவே உதவித்தொகை கொடுத்தே அவளை வரவழைக்க வேண்டியிருந்தது. பயிற்சி பெற்றுத் திரும்பியவளுக்கும் ஊரார் பழைய கூலியையே கொடுத்தனர். கை கழுவச் சவர்க்காரமும், கொதிக்க வைத்த நூலும் தன் செலவில் அவள் வாங்குவது எங்ஙனம்? துருப்பிடித்த கத்தியால் கொடி அறுப்பதும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ அப்புவதும் அவளுடைய அறியாமை என்றே அக்கால அறிக்கைகள் பழித்தன. அவ்வழக்கங்களால் இசிவு நோய் கண்டு குழந்தைகள் மாண்டதும், பிரசவச் சன்னியால் தாயர் மாண்டதும் உண்மையே. ஆயினும் அறியாமையோடு வறுமையும் அங்கே கைகோத்து நின்றது.

சென்னை மாகாணத்தில் 1926-ல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறிப் பதிவு முறை வந்தது. போர் நடுவே, 1943-ல் அமர்ந்த போர் குழுவினர் (தலைவர் சர் ஜோசப் போர்) 1946-ல் அறிக்கை தந்தனர். நாடு முழுவதிலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் ஏறத்தாழ 5,000 பேரே உளர், வேண்டுவதோ 1,00,000 பேர் என்று அவர்கள் கணித்தனர். அத்தனை பேர் உருவாகும் வரையில் தாயியரைப் பயிற்றிப் பயன்படுத்துவதன்றி வேறு வழியில்லை என்றும் கண்டனர்.

விடுதலைக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணைச் செவிலியர்களும் வந்தனர். 1977-க்குப் பின் நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டத்தின்கீழ்த் தாயியர்க்கு 30 வேலை நாட்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. அதற்கு உதவித்தொகை 300 ரூபாய். முடிவில் ஒரு சான்றிதழும் பேறுகாலப் பெட்டி ஒன்றும் கொடுத்தனர். மாதச் சம்பளம் மட்டும் அவர்களுக்கு வகுக்கப்படவில்லை.

2005-ல் 'ஜனனி சுரட்சா யோஜனா' வந்தது. மருத்துவமனைப் பேறுகள் குறைந்திருந்த மாநிலங்களில், நாட்டுப்புறத் தாய் மருத்துவமனையில் மகப்பெற்றால் அவளுக்கு 1,400 ரூபாயும், அழைத்துச் சென்ற 'ஆஷா' பணியாளருக்கு 600 ரூபாயும் என வகுத்தனர். முன்னாளில் குடும்பம் தாயிக்குக் கூலி கொடுத்தது. இப்பொழுது அரசாங்கம் தாய்க்கே பணம் கொடுத்தது. 2005-06-ல் நூற்றுக்கு 39 ஆக இருந்த மருத்துவமனைப் பேறுகள் 2019-21-ல் 89 ஆக உயர்ந்தன. பிறந்த குழவியின் இசிவு நோய் ஒழிந்தது என 2015-ல் அறிவிக்கப்பட்டது. இவை பெரும் பேறுகள். எத்தனையோ தாய்மார் உயிர் தப்பியிருக்கின்றனர். பழைய முறை திரும்ப வேண்டுமென நாம் விரும்பவில்லை.

ஆனால், இந்தக் கணக்கில் தாயி எங்கே போனாள்? பயிற்சி பெற்றவளும் பெறாதவளும் ஒருங்கே தொழிலிழந்தனர். வயிற்றில் குழந்தை எந்நிலையில் இருக்கிறது என்பதைக் கைத்தொடுகையால் அறியும் திறன், நோவுற்றவளை இரவு முழுதும் தேற்றும் பொறுமை ஆகியவை எவருக்கும் கையளிக்கப்படாமலே மறைந்துவருகின்றன. 2018-ல் மைய அரசு மருத்துவச்சிப் பணிக்கெனப் புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, செவிலியரைத் தனிப்பயிற்சியால் மருத்துவச்சியராக்க முற்பட்டது. நாம் இழந்ததன் மதிப்பைச் சற்றே காலந்தாழ்த்தி உணர்ந்தோம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பாட்டியார் இறுதிக்காலம் வரையில் அந்த ஐந்து ரூபாயை மறக்கவில்லை. "மீதி ஐந்தையும் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்" என்பார். பேர் என்னவென்று கேட்டதற்கு, "தாயி என்றுதான் கூப்பிட்டோம்" என்றார். குடும்பத்தின் பழைய கணக்கு நோட்டுப் புத்தகத்தில் பால், விறகு, இரயில் கட்டணம் என யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. 'தாயி, ரூ. 5' என்று ஒரு வரியும் உண்டு, பெயர் இல்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய நோட்டுப் புத்தகம் இருக்கலாம். அதனினும் மேலாக, நினைவுடைய பாட்டிமார் இருக்கலாம். இந்த ஊரில் நம் குடும்பத்துப் பிள்ளைகளை முதலில் ஏந்தியவள் யார், எந்தச் சந்திலிருந்து வந்தாள், என்ன வாங்கிச் சென்றாள் என்று அவர்களைக் கேட்டு எழுதி வைத்தல் நன்று. இன்று நம் தெருவில் வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளரின் பெயரையேனும் நாம் தெரிந்து வைத்திருக்கிறோமா என்பதையும் அவ்வமயம் எண்ணிப் பார்க்கலாம்.