இசையிதழும் அதன் வாசகரும்: மாணவர் சஞ்சிகையொன்றினை நோக்கிய வரலாற்றுக் குறிப்புகள்

இசை செவிக்கு உரியது. சஞ்சிகை கண்ணுக்கு உரியது. செவிக்குரிய கலையொன்றினைக் கண்ணுக்குரிய தாளில் இறக்கி வைக்க முற்படும் எவரும் முதலில் விடை காண வேண்டிய வினா, இதனை வாசிப்பவர் யார் என்பதாகும். பாடகரா, ஆராய்ச்சியாளரா, கச்சேரிக்குச் செல்லும் சுவைஞரா, வானொலி நேயரா, அன்றி அயலிலுள்ள ஆசிரியரிடம் சரளிவரிசை பயிலும் மாணவரா? விடை வேறுபடும்போது இதழின் மொழி வேறுபடும்; எழுத்தமைப்பு வேறுபடும்; எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்ற தெரிவும் வேறுபடும். பல்கலைக்கழக மாணவரிடையே இசைக்கெனச் சஞ்சிகையொன்று தொடங்க வேண்டுமென்ற எண்ணம் அவ்வப்போது எழுவதுண்டு. அவ்வெண்ணம் செயலாகும் முன்னர், தமிழ்ச் சூழலில் இசையெழுத்துத் தன் வாசகரை எவ்வாறு தெரிந்துகொண்டது, எவரைத் தவறவிட்டது என்பதனை வரலாற்று வழி நின்று நோக்குவது பயனுடையதாகும். இதழ் எவரைத் தன் வாசகராகக் கொள்கின்றதோ அவருடைய இசையே பதிவு பெற்று நிலைக்கின்றது என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விழையும் கருத்தாகும்.

முதற்கண் நோக்கத்தக்கவர் சென்னையில் அரச அலுவலராய்ப் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் ஆவர். தியாகராசர் முதலானோரின் உருப்படிகள் வாய்வழியாகவே வழங்கி வருவதால் அழிந்துபோகும் என்று அஞ்சிய அவர், 1890களின் முற்பகுதியில் அவற்றை ஐரோப்பிய ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அவருடைய உழைப்புப் பெரிது. அவர் நாடிய வாசகரோ கிடைத்தாரில்லர். ஐங்கோட்டுக் குறியீட்டை வாசிக்கவல்ல ஐரோப்பியருட் பெரும்பாலோர்க்குக் கருநாடக இசையில் நாட்டமில்லை. அவ்விசையில் திளைத்த வித்துவான்களுக்கோ அக்குறியீடு விளங்கவில்லை. அச்சிட்ட பக்கத்துக்கும் வாசகருக்கும் இடையே இவ்வாறு விழுந்த இடைவெளியைப் பொருட்செலவோ புலமையோ நிரப்ப இயலவில்லை.

எனினும் அம்முயற்சி முற்றாக வீண்போகவில்லை. சின்னசாமி முதலியாரின் இடையறாத வேண்டுகோளும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்தே சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் வெளிவரக் காரணமாயின. அந்நூல் ஐங்கோட்டைக் கைவிட்டு, ச, ரி, க, ம என்னும் சுரவெழுத்துகளையே கொண்டது. கமகங்களுக்கெனத் தனிக் குறிகளையும் வகுத்தது. அதாவது, பாடுவோர் ஏற்கெனவே நாவில் வைத்திருந்த எழுத்துகளையே கண்ணுக்கும் காட்டிற்று. அது தெலுங்கு எழுத்தில் அச்சானமையால் தமிழ் வாசகர் பலருக்கு எட்டாதிருந்தது. பிற்காலத்தில் சென்னைச் சங்கீத வித்துவ சபை அதனைத் தமிழெழுத்தில் பல பகுதிகளாக வெளியிட்டபோதே அக்குறை நீங்கியது.

தமிழெழுத்தில் இசையை அச்சிடுவதற்கும் தனிச் சிக்கலொன்று உண்டு. 'க' என்னும் ஓரெழுத்தே பல ஒலிகளைக் குறிப்பதால், வடமொழி தெலுங்கு உருப்படிகளை அச்சிடும் பாட்டுப் புத்தகங்கள் எழுத்துக்கு மேலோ பக்கத்திலோ 2, 3, 4 என்ற இலக்கங்களை இட்டு ஒலிவேறுபாட்டினை உணர்த்தி வந்துள்ளன. சிறு இலக்கந்தானே என்று இதனை ஒதுக்கிவிடல் ஆகாது. பிறமொழிப் பாடலைத் தமிழெழுத்தின் வழியே பயிலும் மாணவர் ஒருவர் இருக்கிறார் என்பதனை அச்சகம் ஏற்றுக்கொண்டதற்கு அவ்விலக்கமே சான்றாகும்.

இசையாராய்ச்சியைத் தமிழிலேயே எழுதித் தமிழரையே வாசகராகக் கொண்ட மரபு ஆபிரகாம் பண்டிதரிடம் வலுப்பெறுகின்றது. 1912 முதல் 1916 வரை தஞ்சையில் இசை மாநாடுகளைத் தம் முயற்சியாற் கூட்டிய அவர், 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அம்மரபின் வழிவந்த மற்றொரு பெருநூலுக்குக் கொழும்புடன் தொடர்புண்டு. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்பில் பொறுப்பேற்ற சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 யூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். இவ்விரு நூல்களும் தமிழிசைக்குப் பழமையும் பெருமையும் உண்டென்பதை நிறுவின. எனினும் இவற்றை வாசிப்பதற்குச் சுருதிக் கணக்கும் பண்டை இலக்கியப் பயிற்சியும் வேண்டியிருந்தன. இவற்றின் வாசகர் புலவரே.

புலவருக்கும் சுவைஞருக்கும் தனித்தனி இதழ்கள் தோன்றிய காலம் 1930களாகும். 1927ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாக 1928இல் அமைந்த சங்கீத வித்துவ சபை, 1930 முதல் ஆய்விதழொன்றினை வெளியிடத் தொடங்கிற்று. இலக்கணம், இராக வரலாறு, நிபுணர் கலந்துரையாடல் என்பவற்றைத் தாங்கிய அவ்விதழின் முதன்மை மொழி ஆங்கிலம். அதே காலப்பகுதியில் 'ஆனந்த விகடன்' இதழில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரிற் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி முற்றிலும் வேறொரு வாசகரை நாடியது. மேளகர்த்தா அறியாதவரும் கச்சேரியை விரும்பலாம். விரும்புபவர் தம் கருத்தைச் சொல்லவும் உரிமையுடையர் என்ற துணிபு அப்பகுதியிற் காணப்பட்டது. விளங்காத மொழியிற் பாடுவது பற்றிய சுவைஞரின் குறையும் இத்தகைய எழுத்தின் வழியாகவே வலுப்பெற்று, 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கூடிய தமிழிசை மாநாட்டுக்கும் 1943இல் எழுந்த தமிழ் இசைச் சங்கத்துக்கும் துணைநின்றது. வாசகரை விரிவாக்கிய எழுத்து மேடையையும் மாற்றியது எனலாம்.

நேயர் என்னும் புதிய வகுப்பாரை உருவாக்கியது வானொலியாகும். 1938இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிய பின்னர், நிகழ்ச்சி நிரலைத் தாங்கி 'வானொலி' என்ற தமிழிதழ் வெளிவந்தது. கொழும்பிலோ 1925இலேயே ஒலிபரப்புத் தொடங்கியிருந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமானதும் நேயரின் கடிதமும் அஞ்சலட்டையும் நிகழ்ச்சியைத் தீர்மானிக்கும் சக்திகளாயின. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது, அந்நாட்டு நேயர் பெருந்தொகையாகக் கொழும்பு ஒலிபரப்பின் பக்கம் திரும்பினர். அவ்வாண்டே தொடங்கிய இந்திப் பாடல்வரிசை நிகழ்ச்சியான 'பினாகா கீத்மாலா' இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் கொண்டு பாடல்களை வரிசைப்படுத்தியது. நேயர் எதைக் கேட்கவேண்டும் என்று ஒரு நிலையம் முடிவு செய்தது. எதைக் கேட்கிறார் என்று மற்றது விசாரித்தது. 1957இல் இந்தியாவும் 'விவித் பாரதி' சேவையைத் தொடங்கி மெல்லிசைக்கு இடமளிக்க நேர்ந்தமை இவ்விசாரணையின் வெற்றியைக் காட்டும்.

மேனாட்டு இதழ் வரலாற்றிலும் இதற்கு இணை உண்டு. 1926இல் இலண்டனில் தோன்றிய 'மெலடி மேக்கர்' நடன வாத்தியக் குழுக்களில் வாசிப்போரையே முதலில் வாசகராகக் கொண்டிருந்தது. 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' அந்நாட்டின் முதலாவது இசைத்தட்டு விற்பனை வரிசையினை வெளியிட்டது. அதற்கென நடந்த ஆய்வு, ஏறத்தாழ இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து எவை விலைபோயின என்று கேட்டமையே. வாத்தியம் வாசிப்பவரை விட்டு இசைத்தட்டு வாங்கும் இளைஞரை நோக்கி இதழ்கள் நகர்ந்தன. 'மெலடி மேக்கர்' 2000ஆம் ஆண்டில் அந்தப் போட்டி இதழுடனேயே இணைக்கப்பட்டது. இதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்ட எடுத்துக்காட்டொன்றும் மாணவர் கருதத்தக்கது. 1834இல் இலைப்சிக் நகரில் இசைக்கெனப் புதிய இதழொன்றை நண்பர்களுடன் தொடங்கிய றொபேட் சூமானுக்கு அப்போது வயது 23. வழக்கமான புகழுரைகளில் மனநிறைவு கொள்ளாத இளைஞர் தம் தலைமுறையின் இசைக்காகப் பேசிய இதழ் அது. 1853இல் இருபது வயதுடைய பிராம்சை உலகுக்கு அறிமுகஞ் செய்த அவருடைய கட்டுரையும் அவ்விதழிலேயே வந்தது.

இனி இலங்கையை நோக்குவோம். இங்கு இசை பயிலும் மாணவர் என்பார் பெரும்பாலும் பரீட்சையின் வழியாகவே உருவானவர். 1931இல் நிறுவப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்தி வந்துள்ளது. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கப்பெற்ற இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்தது. பாடசாலையிலும் கருநாடக சங்கீதம் அழகியற் பாடங்களுள் ஒன்றாயுள்ளது. இவ்வமைப்பு எண்ணற்ற இளைஞருக்குச் சுரஞானம் அளித்தமையை மறுக்கவியலாது. ஆனால் பாடத்திட்டத்துள் அடங்குவதே இசை, அடங்காதது பொழுதுபோக்கு என்ற மனப்பாங்கும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது.

கொழும்பு நகரின் இரு பகுதிகளை ஒப்பிடின் இம்மனப்பாங்கின் குறை புலனாகும். வெள்ளவத்தையில் 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபமும் நூலகமும், இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் கச்சேரிகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் பழகிய இடங்கள். காலி வீதியின் ஒழுங்கைகளில் மாலை வேளைகளிற் சுருதிப்பெட்டி ஒலிக்கும் வீடுகள் பல. இவ்விசை பரீட்சைத் தாளுக்கும் மண்டபத்துக்கும் உரியது. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலோ விவேகானந்த சபையில் ஒலிக்கும் திருமுறையும், அண்மையில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் நாதசுரமும், புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்து வாழும் கத்தோலிக்கரின் பாடற்குழுக்களும் அருகருகே உள்ளன. 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்த பின்னர், தமிழ்ப் பாடல்களை எழுதி இசையமைக்கும் பணி பங்குகள்தோறும் பெருகிற்று. இப்பாடற்குழுக்களிற் பாடும் இளைஞரும் இசை மாணவரே. ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவுக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே தேருடன் செல்லும் நாதசுரம் நகரின் இவ்விரு முனைகளையும் ஒரே இசையாற் பிணைக்கின்றது. வெள்ளவத்தையை மட்டும் மனத்திற் கொண்டு அமைக்கப்படும் இதழ், கொழும்புத் தமிழரின் இசையிற் பாதியையே கேட்டதாகும்.

பாடத்திட்டத்துக்கு வெளியே எழுந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது 1970களிற் பரவிய தமிழ்ப் பொப்பிசையாகும். நித்தி கனகரத்தினம், 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பைலாவின் தாளத்தையும் பேச்சுத்தமிழையும் இணைத்துப் பாடிய பாடல்கள் இலங்கையைக் கடந்து தமிழகத்திலும் ஒலித்தன. இன்றும் மாணவர் சுற்றுலாப் பேருந்துகளில் அவை பாடப்படுகின்றன. ஆயினும் அவற்றைப் பாடும் மாணவரிடம் அவை எழுந்த காலத்தையும் பயன்பட்ட வாத்தியங்களையும் வினவினால் விடை கிடைப்பது அரிது. சிறிய வர்ணமொன்றுக்குச் சுரக்குறிப்பைப் பல நூல்களிற் காணலாம். பல்லாயிரவர் நாவில் வாழும் இப்பாடல்களுக்கு அத்தகைய பதிவைத் தேட வேண்டியுள்ளது.

பதிவின்மை எமது சூழலில் வெறும் புலமைக் குறை அன்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 யூலையில் கொழும்பிலும் பிறவிடங்களிலும் தமிழரின் இல்லங்கள் எரிந்தபோது, பாட்டுக் கொப்பிகளும் இசைத்தட்டுகளும் கச்சேரி அழைப்பிதழ்களும் அவற்றுடன் எரிந்திருக்கும் என்பதனை ஊகித்தற்குச் சான்று வேண்டுவதில்லை. தொடர்ந்த இடப்பெயர்வுகளில் எஞ்சியவையும் சிதறின. 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகம் அச்சிற் பதிந்தவற்றை மீட்டுவருவது பெருந்தொண்டு. ஆனால் அச்சேறாத இசையை எந்த நூலகமும் மீட்கவியலாது. அதனைச் செய்யவேண்டியது சஞ்சிகை.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மாணவர் இசைச் சஞ்சிகைக்குரிய சில நெறிகளை வகுக்கலாம். முதலாவது, வாசகரை அறியும் முறை. 'நீர் விரும்பும் இசை யாது?' என்று வினாத்தாளிற் கேட்டால், மதிப்புடையதெனக் கருதப்படும் விடையையே பலர் எழுதுவர். அஞ்சலட்டை எழுதிய நேயரும் கடையில் இசைத்தட்டு வாங்கியவரும் தம் செயலாலேயே விருப்பத்தைக் காட்டினர். ஆதலால் சென்ற கிழமை எதனைக் கேட்டீர், எவருடன் பாடினீர், எந்தப் பாட்டைக் கொப்பியில் எழுதி வைத்துள்ளீர் எனச் செயலை வினவுதலே தகும். இவ்விசாரணை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒருங்கே நடத்தப்படல் வேண்டும்.

இரண்டாவது, பக்க அமைப்பு. சுரத்தின் மேலும் கீழும் இடும் புள்ளி தாயியைக் குறிப்பது. அது சற்று விலகினும் பாட்டுப் பிழைபடும். ஆகவே சுரவரியும் அதன் கீழே சாகித்தியவரியும் தாளப் பிரிவுக் கோடும் ஒன்றுக்கொன்று நேராக நிற்குமாறு அச்சுக் கோப்பது அலங்காரத்தினும் முதன்மையானது. சுரம் அறியாத வாசகருக்கு அதே பக்கத்தில் பாடல் பிறந்த சூழலைக் கூறும் எளிய உரைநடைக் குறிப்பும், கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைக் கேட்க உதவும் குறியீடும் இடம்பெறலாம். சின்னசாமி முதலியார் எதிர்கொண்ட இடைவெளியைக் குறைப்பதற்கு அவருக்குக் கிட்டாத வசதி இது.

மூன்றாவது, பொருட்பகுப்பு. பரீட்சைக்குரிய உருப்படி விளக்கமொன்று இருப்பின், நாதசுரக் கலைஞர் ஒருவரின் நினைவுரையோ பாடற்குழுவொன்றின் வரலாறோ பொப்பிசைப் பாடலொன்றின் சுரப்பதிவோ அதற்கு இணையான இடத்தையும் அதே எழுத்தளவையும் பெறல் வேண்டும். பின்பக்க மூலையிற் சிறிய எழுத்தில் இடும் பொருளை வாசகரும் சிறிதாகவே மதிப்பர்.

புலவருக்கு ஆய்விதழ் கிடைத்தது. சுவைஞருக்கு விமரிசனப் பகுதி கிடைத்தது. நேயருக்கு வானொலி கிடைத்தது. பயில்பவராகவும் கேட்பவராகவும் ஒருசேர விளங்கும் மாணவருக்கு இவற்றுள் எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. அவருக்கெனச் சஞ்சிகை அமைப்போர் அவரைப் பரீட்சார்த்தியாக மட்டும் காணாது, தாம் கேட்பதைப் பதிந்துவைக்கவல்ல சாட்சியாகவும் காண்பாராக. ஆடிவேல் ஊர்வலத்தில் இன்று வாசிக்கும் கலைஞரிடம் குறிப்பேட்டுடன் செல்லக்கூடியவர் அவரே.