கண்டிச் சுழலின் விலை
தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மலையகம் வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினரான முத்தையா முரளிதரன், கண்டியை அடுத்த குண்டசாலைப் பகுதியில் தந்தை நடத்திய விசுக்கோத்து ஆலையின் வருமானத்தில் வளர்ந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சை விட்டுச் சுழலுக்கு மாறி, 1992இல் இலங்கை டெஸ்ட் அணியில் இடம்பெற்றார். 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரின் வரலாற்றில் இதைப் பெருநிகழ்வாகவே கொள்ள வேண்டும்.

2007 டிசம்பரில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளைக் கடந்த அவர், 2010 ஜூலையில் காலியில் 800 விக்கெட்டுகளுடன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். அவருடைய ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியில் வருவாய்க்குரிய முதன்மை வழிகளாக இருந்தவை கிரிக்கெட் சபையின் ஒப்பந்தமும், லங்காஷயர் போன்ற இங்கிலாந்துக் கவுண்டிகள், அதாவது மாவட்ட அணிகள், தந்த பருவகால ஊதியமுமே. 2008இல் வந்த ஐபிஎல் ஏலம், அதாவது அணி உரிமையாளர்கள் வீரருக்கு ஒரு பருவத்துக்கான விலையைப் போட்டியிட்டுக் கூறும் முறை, இந்நிலையை அடியோடு மாற்றியது. முப்பத்தாறை நெருங்கிய அவரைச் சென்னை அணி 6 இலட்சம் டொலருக்கும், டெஸ்ட் ஓய்வுக்குப் பின் 2011இல் கொச்சி அணி 11 இலட்சம் டொலருக்கும் எடுத்தன. மறு ஆண்டு பெங்களூர் அணி தந்த விலை 2 இலட்சத்து 20 ஆயிரம் டொலர். பின்னர் அவர் தந்தையின் தொழில்துறைக்கே திரும்பி, கர்நாடகத்தின் சாமராஜநகரில் பானங்களும் இனிப்புகளும் தயாரிக்கும் ஆலையில் முதலிட்டார்.