படச்சுருளும் டிஜிட்டலும்: நுணுக்கமும் நிறமும்

படச்சுருளும் டிஜிட்டலும் ஒளிப்படத்தைப் பதிவுசெய்யும் இரு முறைகள். வண்ணப் படச்சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளை உணரும் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், ஒரே இடத்தில் மூன்று நிறங்களும் பதியும். டிஜிட்டல் சென்சாரிலோ பெரும்பாலும் ஒரு பிக்சல் ஒரு நிறத்தையே அளக்கும். இதற்குச் சென்சாரின் மேல் வண்ண வடிகட்டி இருக்கும்; கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டியில் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். விடுபட்ட நிறங்கள் அண்டைப் பிக்சல்களைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. அதனால் நெருக்கமாக நெய்த துணியில் சிலசமயம் இல்லாத வண்ணக் கோடுகள் தோன்றும். படச்சுருளில் இச்சிக்கல் இல்லை. ஆனால் ஐஎஸ்ஓ 800 போன்ற, ஒளியுணர்வு மிக்க வேகச் சுருள்களில் துகள்கள் துலக்கமாகத் தெரியும். ஒளி மிகுந்தால் நெகட்டிவ் சுருள் மேகத்தின் விவரங்களை ஓரளவு தக்கவைக்கும். சென்சாரில் அப்பகுதி வெறும் வெள்ளையாகிவிடும். பகலொளிச் சுருளில் குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சளடிக்கும். டிஜிட்டலில் வெண்சமநிலையை மாற்றிச் சரிசெய்யலாம்.