ஏரி நகரானது, சேரி ஆக்கிரமிப்பானது: சென்னையின் நிலவரலாறு



1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் போற்றியவர்களைக் கடுமையாக மறுத்தார். அரசமைப்பின் அலகு கிராமமல்ல, தனிமனிதரே என்பது அவர் நிலைப்பாடு. ஊரென்றும் சேரியென்றும் பிளந்து கிடந்த கிராமத்தைவிட்டு வெளியேற நம் மக்களுக்கு இருந்த முக்கியமான வழி நகரம். அங்கே கூலி பணமாகக் கிடைக்கும், எதிரில் வருபவருக்கு நம் சாதி தெரியாது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள் என்று நம்பித்தான் செங்கல்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகச் சென்னைக்கு வந்தார்கள். அந்த நம்பிக்கையை நகரத் திட்டமிடல் என்ன செய்தது? அதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சென்னையில் தலித்துகள் பின்னால் வந்து ஒண்டியவர்கள் அல்லர். 1639இல் கம்பெனிக்கு நிலம் கிடைத்துக் கோட்டை எழுந்தபின், ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம் என்றும், இந்தியர் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகரம் என்றும் பிரிந்தன. கம்பெனி காலத்து வரைபடங்களிலும் ஆவணங்களிலும் மூன்றாவதாக ஒரு பெயரும் இருக்கிறது: பெரிய பறைச்சேரி. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் குடியிருப்பு நிலத்தைக் காக்க அரசுக்கு மனுக்கள் கொடுத்திருக்கிறார்கள். நகர நிலத்தில் தமக்கும் உரிமை உண்டென்று நம் முன்னோர் எழுத்தில் வாதாடியதற்கு அவை சாட்சி. பின்னர் துறைமுகமும் ரயில்வேயும் பின்னி ஆலையும் வளர்ந்தபோது அவற்றைச் சுமந்த உழைப்பில் பெரும்பங்கு இந்தச் சேரிகளிலிருந்தே போனது.

இனி ஏரியின் கதைக்கு வருவோம். நகரத்தின் மேற்கே நுங்கம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை வரை 'லாங் டேங்க்' என்று ஆங்கிலேயர் குறித்த நெடிய ஏரி கிடந்தது. 1915இல் நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பழைய குடியிருப்புகளை இடித்துத் தள்ளாமல், இருந்த இடத்திலேயே சிறு சிறு மாற்றங்களால் சீர்ப்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. 1920இல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. ஆனால் அரசு கையிலெடுத்த பெரிய வேலை வேறு. 1920களில் அந்த ஏரியை வற்றவைத்து, மனை பிரித்து, தியாகராய நகரை உருவாக்கினார்கள். பின்னாளில் 1970களில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 1990களில் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் ஓடியது.

இவற்றில் எதையும் யாரும் 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லவில்லை. கூவத்தின் கரையில் நான்கு கழியும் ஓலையுமாக நின்ற குடிசைக்கு மட்டும் அந்தப் பெயர் வந்தது. நீர்நிலையின்மேல் நகரம் போனால் அது வளர்ச்சி, அதன் ஓரத்தில் சேரி நின்றால் அது குற்றம். ஏரியைக் காலி நிலமென்று கண்ட அதே பார்வைதான் சேரியையும் காலி நிலமென்று கண்டது. ஆகவே சூழலின் அழிவையும் சாதியின் வன்முறையையும் சென்னையில் ஒரே வரலாறாகத்தான் படிக்க முடியும்.

இடையில் வேறொரு வழியும் திறந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் சட்டம் வந்தது. அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் வாழ்வோரை உரிய அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. 1977 முதல் உலக வங்கி உதவியுடன் நடந்த நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் எளியோருக்கு மனைகள் கொடுக்கப்பட்டன. குறைகள் இருந்தன, ஆனாலும் ஏழைக்கு நகருக்குள் இடமுண்டு என்பதை அரசு அப்போது ஏற்றிருந்தது. 1971இல் 1,202 குடிசைப் பகுதிகள் பட்டியலில் சேர்ந்தன. 1985இல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் புதிய அறிவிப்பே இல்லை. நகரம் பெருத்தது, குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. பட்டியலில் இல்லாதவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர். அவரை அப்புறப்படுத்துவது எளிது.

2000 முதல் அப்புறப்படுத்தல் பெருந்திட்டமாகவே ஆனது. முதலில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். அங்கே கொண்டுபோய்விடப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். மூன்று இடங்களும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பரப்பில் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், கரையோரம் வாழ்வது ஆபத்து என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிச் சென்றார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, வெள்ளம் வந்து தேங்கும் இடத்தில் குடிவைத்தார்கள். மழை வலுத்த ஆண்டுகளில் செம்மஞ்சேரி தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூவத்தின் கரையில் வாழ்வது சுகமென்று நாம் வாதிடவில்லை. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பும் இல்லை. நம் கேள்வி ஒன்றுதான்: நகர்த்துவதென்றால் ஏன் நடந்துபோகும் தூரத்தில் இல்லை? சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளிப் போனால் வீட்டுவேலை போகிறது, கூலிவேலை போகிறது, பிள்ளையின் படிப்பு பாதி ஆண்டில் அறுகிறது. கிடைக்கும் கூலியில் ஒரு பகுதி பேருந்துக்கே போகிறது. முகவரியைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். எந்தச் சேரியைவிட்டு வந்தோமோ அந்தச் சேரியை அரசே அடுக்குமாடியாகக் கட்டி ஊருக்கு வெளியே வைத்திருக்கிறது.

இந்தக் கதை முடிந்துவிடவில்லை. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2022இல் பெருநகரப் பகுதியை 1,189இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கும் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு பள்ளிக்கரணை ராம்சர் தலமாக ஏற்கப்பட்டது. சதுப்புநிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கிய பிறகு வந்த அங்கீகாரம் அது. விரியும் எல்லை போய்ச் சேருவது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையால் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் தாய்மண் அது. அந்த நிலத்தை மீட்கும் காரணைப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். மனை விலை ஏறும்போதெல்லாம் அந்த நிலங்கள் மீண்டும் பறிபோகும் ஆபத்தில் இருக்கின்றன.

ஆகவே மூன்றாவது முழுமைத் திட்டம் பேசப்படும் இந்தக் காலத்தில் நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். விடுபட்ட குடிசைப் பகுதிகள் அனைத்தையும் 1971 சட்டப்படி அறிவிக்க வேண்டும். மாற்று வீடு நகருக்குள், வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் அமைய வேண்டும். விரியும் எல்லைக்குள் வரும் பஞ்சமி நிலங்களைக் கணக்கெடுத்து, திட்ட வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பைக் கணக்கிடும்போது குடிசையை அளக்கும் அதே கோலால் அரசுக் கட்டடங்களையும் நிறுவனங்களையும் அளக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதி எப்போது உருவானது, முன்பு எங்கே இருந்தது, எந்த ஆண்டு யார் இடித்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பழைய குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பெரிய பறைச்சேரி மக்கள் தங்கள் நிலத்துக்காக எழுத்தில் வழக்காடினார்கள். நாமும் கையில் ஆவணத்தோடு போய் நிற்போம்.

ஜெய்பீம்.