இரண்டு இலக்கங்களும் ஒரு புல்லட்டும்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வரும் சேகரிப்பாளர் முதலில் குனிந்து இரண்டு இலக்கங்களைத் தேடுவார். ஒன்று எஞ்சினில் அடித்திருக்கும், மற்றது செசியில். இரண்டும் தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வெளிவந்தவை என்றால் விலை ஏறும். இல்லாவிட்டால் பேரம் தொடங்கும்.

இலக்கம் பொருந்துவது என்றால் இரண்டிலும் ஒரே இலக்கம் இருப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1960களின் ட்ரையம்புக்கு அது சரி. போருக்குப் பிந்திய வின்சென்ட் இரட்டைச் சிலிண்டர் வண்டியில் செசி இலக்கம் எஞ்சின் இலக்கத்தைவிட 1900 கூடவாக இருக்கவேண்டும். ஒன்றாக இருந்தால்தான் சந்தேகம். 1970க்கு முந்திய ஹார்லியின் செசியில் இலக்கமே கிடையாது. பழைய பிஎஸ்ஏ வண்டிகளில் இரண்டு இலக்கங்களுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. தொழிற்சாலையின் அனுப்புகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் சோடி தெரியும். ஆகவே இரும்பு பாதிச் சாட்சிதான், மீதி கடதாசியில் இருக்கிறது.

எங்களுக்கு நெருக்கமான வண்டி ரோயல் என்பீல்ட் புல்லட். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்பீல்ட் இந்தியா உருவானது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு எல்லாவற்றையும் திருவொற்றியூரிலேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. சென்னையில் நிற்கவில்லை, 1977இல் அங்கிருந்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி தொடங்கியது. பிள்ளை வளர்ந்து தாய்வீட்டுக்குச் சீர் கொண்டுபோன கதை!

பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் அதே வடிவத்தில் வந்ததால், ஒரு காலத்து எஞ்சினை இன்னொரு காலத்துச் செசியில் பூட்டுவது மெக்கானிக்குப் பெரிய வேலையில்லை. புல்லட்டை வாழவைத்த அந்தக் குணம்தான் இன்று சேகரிப்பாளரிடம் அதன் விலையைக் குறைக்கிறது.

இதில் எனக்கு உடன்பாடில்லை. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக்காலத்து யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. உதிரிப்பாகம் அருமை. ஒன்றின் எஞ்சினும் இன்னொன்றின் செசியும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்றன. அப்படி ஒரு வண்டி இன்று கிடைத்தால், பொருந்தாத அந்த இலக்கங்களில்தான் அதன் சரித்திரம் இருக்கிறது. ஏல விலைப்பட்டியலில் இதற்கு இடமில்லை.

ஆனால் பழைய இலக்கத்தை அராவி அழித்து, பொருந்தும் இலக்கத்தைப் புதிதாக அடிப்பது வேறு விஷயம். எழுத்தின் வடிவம், அடியின் ஆழம், அராவிய இடத்தின் பள்ளம் மூன்றும் அதைக் காட்டிக்கொடுக்கும். நான் தாதி. இரத்தம் ஏற்றுமுன் பையிலுள்ள விபரத்தையும் நோயாளியின் கைப்பட்டியையும் கட்டிலருகே நின்று ஒப்பிடுவோம். பொருந்தாவிட்டால் ஏற்றமாட்டோம், கைப்பட்டியைத் திருத்திப் பொருத்தவும் மாட்டோம்.

எபினேயிலோ லா சப்பலிலோ இந்தியாவிலிருந்து வந்த பழைய புல்லட்டுக்கு விலை பேசுகிறவர்களுக்கு ஒன்று. பிரெஞ்சு கார்த் கிரிஸில் செசி இலக்கம் மட்டும்தான் இருக்கும். இந்திய ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சேர்த்துப் பதிவாகியிருக்கும். விற்பவரிடம் அந்தப் பழைய புத்தகத்தைக் கேளுங்கள். எஞ்சின் மாறியிருந்தால், எப்போது, எங்கே மாற்றினார்கள் என்று எழுதி வாங்கி வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள்.